வெயிலில் கறிக்கோழிக்கு உப்பும் வைட்டமினும்: எதற்கு, எப்போது, எவ்வளவு

வெயில் ஏறத் தொடங்கியதும் கோழி வளர்ப்பவர்களின் பேச்சில் "குளிர்ச்சி மருந்து" வந்துவிடும். ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து விட்டால் கோழியின் சூடு இறங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கறி வாங்கிச் சாப்பிடுபவர்களிலோ, தீவனத்தில் எதைக் கலந்தாலும் அது ஹார்மோன்தான் என்று அஞ்சுபவர்கள் நிறைய. முதல் நம்பிக்கை கோழிகளைச் சாக விடுகிறது. இரண்டாவது, உயிர் காக்கக்கூடிய ஒரு வழியின்மேல் வீண் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

பிராய்லர் எனப்படும் கறிக்கோழிக்கு வெயில் காலத்தில் தரும் சேர்க்கைகள் எப்படி வேலை செய்கின்றன என்று அடியிலிருந்து பார்ப்போம். வழக்கமான தீவனத்துக்கு மேல் சிறு அளவில் தரும் உப்புகள், வைட்டமின்கள் போன்றவற்றைத்தான் இங்கே சேர்க்கை என்கிறேன். அவை தீவனத்திலும் போகலாம், குடிதண்ணீரிலும் போகலாம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இவற்றில் எதுவும் கோழியின் உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சி எடுக்காது. சூட்டை வெளியேற்றும் பாட்டைக் கோழிதான் படுகிறது. அந்தப் பாட்டில் அது இழப்பதைத் திருப்பிக் கொடுப்பதே சேர்க்கையின் வேலை.

## கழற்ற முடியாத கம்பளி

காற்றோட்டமில்லாத ஓர் அறையில் கம்பளிச் சட்டையோடு உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்ற முடியாது. வியர்க்கவும் வியர்க்காது. நடுநடுவே தட்டில் சாப்பாடு வந்துகொண்டே இருக்கிறது. கறிக்கோழியின் வெயில்கால நிலைமை ஏறக்குறைய இதுதான்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. உடம்பெல்லாம் இறகு. அதன் இயல்பான உடல் வெப்பமே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். நமக்கு அந்த அளவு வந்தால் உயிருக்கே ஆபத்து. மூன்று, நான்கு வாரம் தாண்டிய கறிக்கோழிக்கு 18 முதல் 24 டிகிரி வரை இருக்கும் காற்று சுகமானது. 30 டிகிரியைத் தாண்டினால் திணறத் தொடங்கும். அதன் உடல் வெப்பம் 46, 47 டிகிரியைத் தொட்டுவிட்டால் பிழைப்பது அரிது.

வயதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு நாள் குஞ்சுக்கு 32, 33 டிகிரி சூட்டை நாமே கொடுக்க வேண்டும். சின்னக் கிண்ணத்தில் இருக்கும் வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும், அண்டா நிறைய இருப்பது ஆற நேரமெடுக்கும். அதுபோல, எடையோடு ஒப்பிட்டால் குஞ்சுக்கு உடம்பின் மேற்பரப்பு அதிகம், பெரிய கோழிக்குக் குறைவு. அதனால்தான் கடும் வெயிலில் முதலில் விழுபவை, நன்றாகத் தேறி விற்பனைக்குத் தயாராக நிற்கும் கோழிகள். ஆறு வாரம் பாடுபட்டு வளர்த்தவருக்கு அந்தச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சூடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 40 கிராம் குஞ்சு ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தாண்டுகிறது. இந்த வேகத்தில் சதை கட்டும் உடம்பு, ஓய்வில்லாமல் ஓடும் இயந்திரம் மாதிரி. ஓடும் இயந்திரம் சூடாகத்தான் செய்யும். ஒரே நிழலில், மெதுவாக வளரும் இனக் கோழி சாதாரணமாக மேய்ந்துகொண்டிருக்க, கறிக்கோழி மட்டும் வாய் பிளந்து நிற்பது இதனால்தான். உடம்பில் சேரும் சூடு, வெளியே போகும் சூட்டைவிட அதிகமாகிவிடும் நிலைக்கு வெப்ப அயர்ச்சி என்று பெயர்.

## சாப்பாடே சூடு

தீவனம் செரிக்கும்போதும் அதன் சத்து உடம்பில் சேரும்போதும் சூடு பிறக்கிறது. இதைச் செரிமான வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு நமக்கே உடம்பு கதகதப்பாகிறதே, அதுதான். இந்தச் சூடு தின்ற உடனே உச்சத்துக்குப் போவதில்லை, சில மணி நேரம் கழித்துத்தான் போகும். ஆகவே முன்பகலில் வயிறு முட்டத் தின்ற கோழி, பிற்பகல் வெயிலில் வெளியிலும் உள்ளேயும் ஒரே நேரத்தில் வேகிறது.

எல்லாச் சத்தும் ஒரே அளவு சூட்டைத் தருவதில்லை. புரதத்தால் வரும் சூடு அதிகம், மாவுச்சத்தால் வருவது நடுத்தரம், கொழுப்பால் வருவது மிகக் குறைவு. அதனால் வெயில்காலத் தீவனத்தில் தானியத்தின் ஒரு பங்கைக் குறைத்து, எண்ணெய் சேர்ப்பது உண்டு. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னத் துண்டுகளால் ஆனது. லைசின், மெத்தியோனின் போன்ற முக்கியமான துண்டுகளைத் தனியாகச் சேர்த்தால், மொத்தப் புரதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். "வெயிலில் கோழி எடை போடவில்லை, புரதத்தைக் கூட்டு" என்ற யோசனையை அடிக்கடி கேட்கிறேன். தேவைக்கு மேல் வந்த புரதத்தை உடைத்து வெளியே தள்ளுவதும் சூடு கிளப்பும் வேலை. எரிகிற அடுப்பில் மேலும் விறகைத் திணிப்பதற்கு அது சமம்.

தீவனம் அப்படியே கிடக்க, கோழி அதைத் தொடாமல் நிற்பதைப் பார்த்தால் மனம் பதறும். உண்மையில் அது தன் அடுப்பைத் தானே தணித்துக்கொள்கிறது. அதில் ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. தீவனம் குறைந்தால், அதில் இருக்கும் வைட்டமினும் உப்பும் சேர்ந்தே குறைகின்றன. அதுவும், அவை கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கறிக்கோழி உள்ளுக்குள் நிறையச் சூட்டை உண்டாக்குகிறது, வியர்த்து அதை இறக்க வழியில்லை, தீவனத்தைக் குறைத்துத் தப்பிக்கப் பார்க்கிறது, அதனால் சத்து குறைகிறது.

## வாய் வழியே குளிர்ச்சி

வெயில் மிதமாக இருக்கும்போது கோழி இறக்கையை அகட்டி நிற்கும். இறகு குறைவான பகுதிகளில் காற்றுப் படட்டும் என்று. கொண்டைக்கும் தாடிக்கும் கூடுதல் ரத்தம் பாய்ந்து, அங்கிருந்து சூடு காற்றில் போகும். சுற்றியுள்ள காற்று உடம்பைவிடக் குளிராக இருக்கும்வரைதான் இது பலிக்கும். காற்றின் சூடு உடல் வெப்பத்தை நெருங்க நெருங்க, இந்த வழி அடைபட்டுப் போகிறது.

அப்புறம் மிச்சமிருப்பது ஒரே வழி, மூச்சு வாங்குவது. நிமிடத்துக்கு 25, 30 என்று இருந்த மூச்சு 150ஐத் தாண்டி 200, 250 வரைகூடப் போகும். ஒவ்வொரு மூச்சிலும் தொண்டையின், மூச்சுப்பாதையின் ஈரம் ஆவியாகிறது. ஈரத்துணி சுற்றிய பானை குளிர்வதும் இதே விதிப்படிதான். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் சூடு, அரை லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்கப் போதுமானது. கோழியின் கையில் இருக்கும் மிக வலிமையான ஆயுதம் இதுதான், அதற்கு வேண்டிய தோட்டா தண்ணீர்.

காற்று ஈரமாக இருந்தால் துவைத்த துணி காயாமல் தொங்குகிறதல்லவா? மூச்சின் ஈரமும் அப்படித்தான். காற்றில் ஈரப்பதம் 70, 80 சதவீதம் என்று ஏறிவிட்டால், எவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினாலும் ஆவியாவது குறைவு. மூச்சு வாங்குவதற்கு உழைக்கும் தசைகளோ கூடுதல் சூட்டைக் கிளப்புகின்றன. காற்று அசையாத கொட்டகையில் தண்ணீரைப் புகையாகத் தெளித்துக்கொண்டே இருப்பது கோழிக்குக் கெடுதலாக முடிவது இப்படித்தான். வறண்ட காற்றில், காற்றாடி ஓடும்போது தெளித்தால் பலன் உண்டு.

## சோடா பாட்டில் கணக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எலக்ட்ரோலைட் ஏன் தருகிறோம் என்பது முழுக்க இதில்தான் இருக்கிறது.

புதிதாகத் திறந்த சோடாவில் ஒரு சுருக்கென்ற புளிப்பு இருக்கும். மூடாமல் வைத்துவிட்டால் வாயு வெளியேறி, அந்தச் சுருக்கு போய்விடும். சோடாவில் கரைந்திருப்பது கரியமில வாயு. அது தண்ணீரில் கரைந்திருக்கும்போது லேசான அமிலமாகிறது. வாயு போனால் அமிலத்தன்மையும் போகிறது.

கோழியின் ரத்தத்திலும் கரியமில வாயு கரைந்திருக்கிறது. குளிர்ச்சிக்காக விடாமல் மூச்சு வாங்கும்போது, தேவையில்லாமலே அந்த வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. திறந்து வைத்த சோடா போல ரத்தம் தன் அமிலத்தன்மையை இழந்து, காரப் பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வுக்குக் கார மிகை என்று பெயர். ரத்தம் மிகக் குறுகிய எல்லைக்குள் இருந்தால்தான் உடம்பின் வேலைகள் ஒழுங்காக நடக்கும். சிறிய சாய்வுகூடக் கோழியைத் தளர்த்திவிடும்.

உடம்பு சும்மா இருக்காது. ரத்தத்தில் பைகார்பனேட் என்று ஒரு காரப் பொருள் உண்டு, அமிலமும் காரமும் ஏறி இறங்காமல் தாங்கிப்பிடிக்கும் மெத்தை மாதிரி. காரம் கூடிவிட்டதே என்று சிறுநீரகம் அந்தப் பைகார்பனேட்டை எச்சத்தோடு வெளியே தள்ளுகிறது. அது தனியாகப் போவதில்லை. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு போகிறது. சோடியம், பொட்டாசியம், குளோரைடு போல நீரில் கரைந்து மின்னூட்டம் சுமக்கும் உப்புத் துணுக்குகளுக்குத்தான் எலக்ட்ரோலைட் என்று பெயர். நரம்பு துடிப்பதும், இதயம் அடிப்பதும், செல்லுக்குள் தண்ணீர் நிற்பதும் இவற்றை நம்பித்தான்.

சுருக்கமாகச் சொன்னால், சூட்டை இறக்கக் கோழி மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்கியதால் கரியமில வாயு போகிறது, ரத்தம் காரமாகிறது, அதைச் சரிசெய்யப் போய் உப்புகள் போகின்றன. வெயிலில் கோழி கொடுக்கும் விலை இதுதான்.

## எலக்ட்ரோலைட்: சமையல் சோடா ஏன்?

கூர்மையாகப் படிப்பவருக்கு இங்கே ஒரு கேள்வி எழும். வெயிலில் பரவலாகத் தரப்படும் சேர்க்கை சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா. அது காரம். ரத்தம் ஏற்கெனவே காரமாக இருக்கும்போது மேலும் காரத்தைக் கொடுப்பதா? நியாயமான கேள்வி.

பதில் இரண்டு பங்கு. மூச்சு வாங்குதல் நீடிக்கும்போது சிறுநீரகம் பைகார்பனேட்டைத் தள்ளித் தள்ளி, அந்த மெத்தையே மெலிந்துவிடுகிறது. சமையல் சோடா அதை நிரப்புகிறது, குளோரைடு இல்லாமல் சோடியத்தையும் தருகிறது. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சோடியமும் பொட்டாசியமும் கிடைத்தால் கோழி அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது. குடித்த தண்ணீர் உடம்பில் தங்கவும் செய்கிறது. தண்ணீர்தான் குளிர்ச்சிக்கான மூலப்பொருள் என்று முன்பே பார்த்தோம். ரத்தத்தின் காரத்தை நேரடியாகக் குறைக்க வேண்டுமானால் அதற்கு அம்மோனியம் குளோரைடு போன்ற உப்புகள் இருக்கின்றன. பொட்டாசியம் இழப்புக்குப் பொட்டாசியம் குளோரைடு.

ஆகவே ஒரு உப்பை மட்டும் அள்ளிப் போடுவதில் பயனில்லை. சோடியமும் பொட்டாசியமும் ஒரு தட்டில், குளோரைடு மறு தட்டில் என்று ஒரு தராசு இருக்கிறது. தீவனக் கணக்குப் போடுபவர்கள் இந்தத் தராசைப் பார்த்தே அளவு சொல்வார்கள். வளர்ப்பவர் செய்ய வேண்டியது, அவர்களிடம் தன் கிணற்று நீரின் பரிசோதனை முடிவைக் காட்டுவது. தண்ணீரே உவர்ப்பாக இருந்தால் அதிலும் சோடியம், குளோரைடு இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் மேலே உப்பைக் கொட்டினால் எச்சம் தண்ணீராகப் போகும், தரையில் பரப்பியிருக்கும் கூளம் நசநசக்கும், அம்மோனியா நெடி கிளம்பும், காலடி புண்ணாகும். மிக அதிகமானால் உப்பே நஞ்சு.

இன்னொரு தவறும் நடக்கிறது. மூன்று வேறு பெயர்களில் மூன்று பொட்டலம் வாங்கி ஒன்றாகக் கலப்பது. பின்பக்கத்தைப் படித்தால் மூன்றிலும் அதே உப்புகள் இருக்கும்.

## துருப்பிடிக்கும் செல்கள்

வெயிலின் நெருக்கடியில் செல்களுக்குள் ஆற்றல் உண்டாக்கும் இடங்கள் தடுமாறுகின்றன. அங்கிருந்து கட்டுக்கடங்காத, எதையும் அரிக்கும் துணுக்குகள் கிளம்புகின்றன. இரும்பில் துரு ஏறுவது போல செல்லின் கொழுப்புச் சுவரை அவை அரிக்கின்றன. இந்த அரிப்பைத் தடுக்கும் பொருள்களை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்கிறோம். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் இந்த வகை. வைட்டமின் ஈ செல்லின் கொழுப்புச் சுவரிலேயே உட்கார்ந்து காவல் காக்கும். களைத்துப்போன வைட்டமின் ஈயை மறுபடி எழுப்பிவிடுவது வைட்டமின் சி. அதனால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

நம்மைப் போல் அல்லாமல், கோழி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் சிறுநீரகத்தில் தானே செய்துகொள்ளும். சாதாரண நாளில் அது போதும். வெயிலில் தேவை கூடுவதால் அது போதாமல் போகிறது. ஒரு கிலோ தீவனத்துக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வரை சேர்ப்பது வழக்கம். ஆனால் இது மிக எளிதில் கெட்டுப்போகும் வைட்டமின். தீவனத்தைச் சூடாக்கிக் குருணையாக்கும்போது ஒரு பங்கு அழியும், ஆகவே தீவனத்துக்கு மேற்பூச்சுள்ள வகையே தகும். குளோரின் கலந்த தண்ணீரிலும், இரும்பு அதிகமுள்ள தண்ணீரிலும் சில மணி நேரம்கூடத் தாங்காது. காலையில் மொத்தமாகக் கரைத்துச் சாயங்காலம்வரை விடுபவர்கள் பிற்பகலில் கொடுப்பது பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான்.

செலினியத்தில் கை நீளக் கூடாது. கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம் போதுமானது. அதற்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. துத்தநாகமும் உதவும் என்பதால் பல கலவைகளில் அதுவும் இருக்கும்.

## பீட்டெய்னும் குடலும்

வெட்டிய வெள்ளரிக்காயில் உப்புத் தூவினால் தண்ணீர் வெளியே வந்துவிடும். வெளியே உப்பு அதிகமானால் செல்லுக்குள் இருக்கும் நீர் அந்தப் பக்கம் ஓடும். உடம்பில் நீர் குறையும்போது கோழியின் செல்களுக்கும் இதே ஆபத்து. பீட்டெய்ன் என்பது பீட்ரூட்டின் இனமான சுகர் பீட் என்ற சர்க்கரைக் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் பொருள், செயற்கையாகவும் செய்கிறார்கள். அது செல்லுக்குள் போய்த் தங்கி, நீரை உள்ளேயே பிடித்து வைக்கிறது. செல்லின் வேலைகளுக்குத் தொந்தரவு தருவதில்லை. டன் தீவனத்துக்கு ஒரு கிலோ அளவில் சேர்ப்பது வழக்கம்.

இதனால் அதிகம் பயன்பெறும் உறுப்பு குடல். சூட்டை வெளியேற்ற ரத்தம் தோல் பக்கம் திரும்பும்போது, குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. குடலின் உட்சுவர் தளர்ந்து, கிருமிகளின் நஞ்சு ரத்தத்தில் கசிகிறது. வெயில் தணிந்த பிறகும் சில நாள் கோழிகள் கழிச்சலோடு தேறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். நல்ல நுண்ணுயிர்களைத் தரும் புரோபயாட்டிக் சேர்க்கைகளை வெயிலில் பரிந்துரைப்பதும் இதற்காகத்தான்.

இந்த இரண்டு பகுதிகளின் சாரம்: வைட்டமின்கள் செல்லை அரிப்பிலிருந்து காக்கின்றன, பீட்டெய்ன் அதன் நீரைக் காக்கிறது. இவை எலக்ட்ரோலைட்டுக்கு மாற்று அல்ல, வேலையே வேறு.

## காய்ச்சல் மாத்திரை, ஹார்மோன், ஒரு எச்சரிக்கை

சூடு என்றதும் காய்ச்சல் மருந்தைத் தேடுகிறோம். காய்ச்சலில் மூளையே "இன்னும் சூடாகு" என்று கட்டளை மாற்றுகிறது. அந்தக் கட்டளையை மாத்திரை திருத்துகிறது. வெப்ப அயர்ச்சியில் கட்டளை சரியாகவே இருக்கிறது, சூடு வெளியேற வழிதான் இல்லை. பூட்டிய கதவுக்குக் காய்ச்சல் மாத்திரை சாவியாகாது.

ஹார்மோன் பயத்துக்கு விளக்கம் சுருக்கமானது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதம் போலவே செரித்துப்போகும். மேலே சொன்ன உப்பு, வைட்டமின் எதுவும் ஹார்மோன் அல்ல. கறிக்கோழி வேகமாக வளர்வது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதால்.

எச்சரிக்கை நிகார்பசின் பற்றியது. ரத்தக் கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சேர்க்கப்படும் இந்த மருந்து, வெயிலில் கோழி இறப்பை அதிகப்படுத்தும். வெயில் தொடங்கும் முன்பே உங்கள் தீவனத்தில் அது இருக்கிறதா என்று தீவனம் தருபவரிடம் கேட்டுவிடுங்கள்.

## எப்போது, எந்த வழியில்

தீவனத்தில் கலந்த சேர்க்கை, கோழி தின்றால்தான் உள்ளே போகும். வெயிலில் அது தின்பதில்லை, குடிக்கிறது. 21 டிகிரியில் ஒரு கிலோ தீவனத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் குடிக்கும் கோழி, 35 டிகிரியில் இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும். ஆகவே வெயில் உச்சத்தில் எலக்ட்ரோலைட்டையும் வைட்டமின் சியையும் தண்ணீரில் கொடுப்பதே சரி. பீட்டெய்ன், வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவை உடம்பில் சேர நாளாகும் என்பதால், வெப்பம் வருமுன்பே தீவனத்தில் இருக்க வேண்டும். கோழிகள் விழத் தொடங்கிய பிறகு பொட்டலம் பிரிப்பதில் பயன் மிகக் குறைவு. வெயில் தணிந்ததும் எலக்ட்ரோலைட்டை நிறுத்திவிடுங்கள்.

தொட்டி வெயிலில் நின்றால் இத்தனையும் வீண். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் கோழி குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். தொட்டிக்கு நிழல் போடுங்கள், குழாயில் நின்று சூடான நீரைப் பகலில் ஓரிரு முறை திறந்து விடுங்கள். தீவனத்தை உச்சி வெயிலுக்கு நான்கைந்து மணி நேரம் முன்பே நிறுத்தி, சூடு தணிந்தபின் கொடுங்கள். பசியில் முண்டியடிக்காதபடி எல்லாத் தட்டுகளிலும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

சேர்க்கை பலித்ததா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொட்டகையின் ஒரே மூலையில், தினமும் ஒரே நேரத்தில், ஐந்தாறு கோழிகளின் மூச்சை எண்ணுங்கள். தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எழுதி வையுங்கள். ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் அது உதிர்ந்தால் உப்பின் அளவு மீறவில்லை, உருண்டையாகவே நின்றால் கூடிவிட்டிருக்கலாம். இரவு பத்து மணிக்கும் கோழிகள் வாய் திறந்தபடியே இருந்தால், கலவையை மாற்றிப் பார்க்காதீர்கள். கொட்டகையில் காற்று போதவில்லை அல்லது கோழிகள் அதிகம். மறுநாள் வெயில் ஏறுமுன் காற்றாடியைக் கூட்டுங்கள், எடை போட்டவற்றை முன்கூட்டியே பிடித்து அனுப்புங்கள்.